ரத்தக்கண்ணீரை வெப் சீரிஸா எடுத்தா அந்த வியாதியை என்ன பண்றது?

பின்வரிசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா இழை தொடங்குறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நானும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ரத்தக்கண்ணீரை ஒரு மினி சீரிஸா பண்ணலாம்னு பிட்ச் எழுதிட்டு இருக்கோம். 1954ல வந்த கிருஷ்ணன் பஞ்சு படத்தோட ரீமேக் இல்ல. அதுக்கு முன்னாடி இருந்தே எம்.ஆர்.ராதா ஊர் ஊரா கொட்டகை போட்டு நடத்திட்டு இருந்த நாடகம், திருவாரூர் தங்கராசு எழுதினது, அதுதான் எங்களுக்கு மூலம். படத்தை எல்லாரும் டிவில பாத்திருப்பீங்க, "அடியே காந்தா"வை மிமிக்ரி பண்ணாத ஆளே நம்ம ஊர்ல கிடையாது. ஆனா அந்தக் குரலை ஓரமா வெச்சுட்டு கதையை மட்டும் எடுத்து சீன் பிரிக்க உக்காந்தா ஒவ்வொரு எடத்துலயும் கால் இடறுது.

தெரியாதவங்களுக்கு கதை சுருக்கமா: சீமையில படிச்சுட்டு வந்த பணக்காரன் மோகனசுந்தரம், ஊர்ல எதைப் பாத்தாலும் நக்கல், பெத்த அம்மாவை மதிக்கிறதில்ல, கட்டின சந்திராவை விட்டுட்டு தாசி காந்தா வீடே கதின்னு கிடக்கிறான், சொத்தெல்லாம் கரையுது, குஷ்டம் வருது, காந்தா அடிச்சு துரத்துறா, தெருவுல பிச்சை எடுக்கிறான், கடைசில தன் மனைவியை நண்பன் பாலு கையில பிடிச்சுக் கொடுத்துட்டு என்னை இதே கோலத்துல சிலையா வைங்கன்னு சொல்லிட்டு சாகிறான்.

எங்க சிக்கல் என்னன்னா, தப்பு பண்ணினான் அதனால வியாதி வந்துச்சுங்கிறதுதான் மொத்த கதையோட அச்சாணி. அதை இன்னைக்கு அப்படியே எடுத்தா கண்டிப்பா பிரச்சனை வரும், வரணும்தான். ஒரு தயாரிப்பாளர் கதை கேட்டுட்டு ரொம்ப கூலா "குஷ்டமெல்லாம் இப்ப யாருக்குங்க தெரியும், எய்ட்ஸ்னு மாத்திருங்க, வேலை முடிஞ்சுது"ன்னார். எனக்கு அது உறுத்துது, ஆனா ஏன் உறுத்துதுன்னு அவருக்கு பாயிண்ட் பாயிண்டா சொல்லத் தெரியல. வியாதியையே தூக்கிட்டா ரத்தக்கண்ணீர்ல மிச்சம் என்ன இருக்கு? வெச்சுக்கிட்டா எப்படி வெக்கிறது? பழைய காலத்துலயே கதை நடக்கட்டுமா இல்ல இப்போதைக்கு கொண்டு வரலாமா? நாடகம், சினிமா ரெண்டுலயும் பரிச்சயம் இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஒப்பனையறை எழுதியது:

நல்ல கேள்வி. ஆனா வியாதிக்கு முன்னாடி இன்னொண்ணு பேசணும்.

ரத்தக்கண்ணீர் சர்ச்சைக்குரிய நாடகம்னு எல்லாரும் சொல்றாங்க, சரி, எதுக்காகன்னு யோசிச்சீங்களா? அந்தக் காலத்துல இந்த நாடகத்தைப் பாத்து யாரும் அய்யோ தொழுநோயாளியை கேவலப்படுத்துறாங்களேன்னு கோவப்படல. கோவம் வந்தது ராதா வாயில இருந்து வந்த பேச்சுக்கு. அவர் பெரியார் ஆளு, சாமி, சாதி, சடங்கு, மைனர், முதலாளி, தலைவர், ஒருத்தரையும் விட்டு வெச்சதில்ல. அதுலயும் அரசாங்கத்தை நிஜமா உலுக்கினது இந்த நாடகம் இல்ல, அவரோட ராமாயண நாடகம்தான். 1954ல மெட்ராஸ் சர்க்கார் நாடகங்களுக்குன்னே தனிச் சட்டம் கொண்டு வந்ததே பெரும்பாலும் அவரை மனசுல வெச்சுத்தான்னு அந்த வரலாறு எழுதினவங்க பல பேர் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி வெள்ளைக்காரன் 1876ல போட்ட சட்டம் வேற இருந்துச்சு. இந்த 1954 சட்டம் எவ்ளோ காலம் உயிரோட இருந்துச்சு தெரியுமா, பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின ஞாநி கேஸ் போட்டு 2013ல மெட்ராஸ் ஹைகோர்ட் அதோட முக்கியமான பிரிவுகளை செல்லாதுன்னு சொல்ற வரைக்கும். அதுவரை நாங்கள்லாம் நாடகம் போடணும்னா ஸ்கிரிப்டை தூக்கிட்டு போலீஸ் கமிஷனர் ஆபீஸ் வாசல்ல நின்னவங்கதான். நடிக்கிறதை விட அந்த சீல் வாங்குறதுதான் பெரிய வேலை.

ராதாவுக்கு இதெல்லாம் தூசு. மனசு புண்படுறவங்க வர வேணாம்னு நோட்டீஸ்லயே போடுவாராம்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்த நாடகத்தோட சூடு எங்க இருந்துச்சுன்னு தெரியாம படமாக்கினா வெறும் கதைதான் கையில நிக்கும், அந்தக் கதை அந்தக் காலத்துலயே சாதாரணமானது. சீமைக்குப் போனவன் கெட்டுப்போறான், பத்தினி காத்திருக்கா, தாசி ஏமாத்துறா, இது அப்போ தெருவுக்கு ஒரு நாடகத்துல இருந்த கதைதான். ராதா பண்ணின வேலை என்னன்னா, அந்த அரதப்பழசான கதைக்குள்ள உக்காந்துக்கிட்டு கதையையே நக்கல் அடிச்சார். ஆடியன்ஸ்ல எவனாவது சத்தம் போட்டா அவனுக்கு அங்கயே பதில். காலைல பேப்பர்ல வந்த சேதி ராத்திரி மோகனசுந்தரம் வாயில வசனமா வந்துரும். அதனால திருச்சியில பாத்த நாடகமும் மதுரையில பாத்த நாடகமும் ஒண்ணா இருக்காது.

சினிமாவுல அது செத்துப்போயிருக்கணும். சாகல. எப்படின்னு பாக்கணும்னா "குற்றம் புரிந்தவன்" பாட்டை மறுபடி போட்டுப் பாருங்க. சி.எஸ்.ஜெயராமன் உருகி உருகி பாடிட்டு இருப்பார், வரி முடியுற இடைவெளியில ராதா உள்ள பூந்து பேசுவார், பாட்டு சொல்ற தத்துவத்துக்கு இவர் கரகரன்னு பதில் கொடுத்துட்டே போவார். சோகப் பாட்டுன்னா எல்லாரும் வாயை மூடிட்டு அழுவாங்க, இந்தாளு பாட்டையே குறுக்கு விசாரணை பண்ணுவார். மேடைல ஆடியன்ஸ்கூட பண்ணின சண்டையை படத்துல பாட்டுகூட பண்ணியிருக்கார், அவ்ளோதான் வித்தியாசம். 1937ல ராஜசேகரன்ல ஆரம்பிச்சு கொஞ்ச படம் நடிச்சுட்டு சினிமாவே வேணாம்னு மேடைக்குப் போனவர், வருஷக்கணக்கா கழிச்சு இந்தப் படத்துக்குத்தான் திரும்பி வந்தார், அதனால கேமரா முன்னாடியும் மேடை ஆளாவே நின்னார்.

உங்க சீரிஸ்ல இந்த குறுக்கே பேசுற ஆளு எங்க இருப்பார்? முதல்ல அதைச் சொல்லுங்க, வியாதிக்கு அப்புறம் வரலாம்.

மாட்னிஷோ எழுதியது:

கிளாசிக்கை நோண்டாதீங்க ப்ரோ. அப்படியே விட்ருங்க. அந்த வாய்ஸ் இல்லாம ரத்தக்கண்ணீர் எடுக்கிறதும் உப்பு இல்லாம கருவாட்டுக் குழம்பு வெக்கிறதும் ஒண்ணுதான்.

பின்வரிசை எழுதியது:

@மாட்னிஷோ, கன்னடத்துல 2003ல உபேந்திரா வெச்சு ரக்த கண்ணீருன்னு எடுத்து ஓட்டிட்டாங்களே, சாது கோகிலா டைரக்‌ஷன். தெலுங்குல நாகபூஷணம் இந்த நாடகத்தைப் போட்டே பேர் வாங்கி கடைசி வரைக்கும் ரக்த கண்ணீரு நாகபூஷணம்னுதான் கூப்பிட்டாங்க. அங்கெல்லாம் ராதா வாய்ஸ் இல்லையே. அதனால முடியாதுன்னு இல்ல.

@ஒப்பனையறை சார், நீங்க கேட்டதுக்கு இப்ப பதில் இல்ல, யோசிக்கிறேன்.

செங்கை வாசி எழுதியது:

தம்பி, நான் சினிமாக்காரன் இல்லை. தொழுநோய் ஒழிப்பு வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த இழையை என் பையன் அனுப்பி வெச்சான், அதனால வந்தேன். கொஞ்சம் விரிவாவே சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படலாம்.

முதல்ல அந்தத் தயாரிப்பாளர் சொன்ன எய்ட்ஸ் யோசனை. தயவு செஞ்சு வேண்டாம். ரத்தக்கண்ணீர் செஞ்ச தப்பு என்ன? காந்தா வீட்டுக்குப் போனதால குஷ்டம் வந்ததுன்னு ஜனங்க மனசுல பதிய வெச்சது. தொழுநோய் பால்வினை நோயே கிடையாது. மைக்கோபாக்டீரியம் லெப்ரேன்னு ஒரு கிருமி, 1873லயே ஹான்சன் கண்டுபிடிச்சாச்சு. சிகிச்சை எடுக்காத நோயாளியோட ரொம்ப நாள் நெருங்கிப் பழகினா மூக்கு, வாய் வழியா வெளிய வர்ற கிருமி மூலமா தொத்தலாம், அப்படித் தொத்தினாலும் பெரும்பாலான ஆளுங்களுக்கு உடம்புலயே எதிர்ப்பு இருக்கு, நோயா மாறாது. அப்படி ஒரு நோயை ஒழுக்கத்தோட முடிச்சுப் போட்டாங்க. நீங்க எச்ஐவின்னு மாத்தினா வியாதி பேர் மட்டும்தான் மாறும், முடிச்சு அப்படியே இருக்கும். நாங்க கிராமம் கிராமமா போய் அவிழ்த்தது அந்த முடிச்சைத்தான். வீட்டுல ஒருத்தருக்கு தேமல் மாதிரி இருந்தாலே "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க சார்"னு அம்மாக்காரி அழுவா. நோய் என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே நடத்தைக்கு சாட்சி சொல்லுவா. அந்தப் படமும் அதுக்கு ஒரு காரணம்னு சொன்னா ராதா ரசிகர்களுக்குக் கோவம் வரும், நானும் அவர் ரசிகன்தான், இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

ரெண்டாவது, நாடகம் மேடையில ஓடிட்டு இருந்த அதே காலத்துல மருந்து வந்தாச்சு. செங்கல்பட்டு பக்கத்துல திருமணி ஆஸ்பத்திரியில டாக்டர் காக்ரேன் 1940களோட பின்பாதியிலயே சல்போன் மருந்தை கொடுக்க ஆரம்பிச்சுட்டார். வேலூர் சிஎம்சியில பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களுக்கு தசைநாண் மாத்தி ஆபரேஷன் பண்ணி கையைத் திருப்பிக் கொடுத்துட்டு இருந்தார். மோகனசுந்தரம் சீமையில படிச்சவன், காசு இருந்தவன். அவன் ஏன் செங்கல்பட்டுக்குப் போகல? இந்தக் கேள்வியை உங்க கதைக்குள்ள யாராவது கேக்கணும். வெளிய தெரிஞ்சுருமேன்னு பயந்து போகாம இருந்தான்னு வெச்சுக்கோங்க, அது உண்மையா நடக்கிற விஷயம், இன்னைக்கும் நடக்குது. அப்போ அவனை அழிச்சது வியாதி இல்லை, பயமும் வீம்பும்.

மூணாவது, வியாதி எப்படி ஆரம்பிக்குதுன்னு சினிமாவுல யாருமே சரியா காட்டினது இல்லை. முகத்துல கட்டி கட்டியா ஒட்டி, குரலை கரகரன்னு ஆக்கிடுறாங்க. ஆரம்பத்துல ஒண்ணுமே இருக்காது. நிறம் கொஞ்சம் மங்கலா ஒரு தேமல், அரிக்காது, வலிக்காது, அந்த எடத்துல உணர்ச்சி இருக்காது. நாங்க பாக்கிற விதம் சொல்றேன். நோயாளியை எதிர்ல உக்கார வெச்சு, முதல்ல கண்ணைத் திறந்து வெச்சு பால்பாயிண்ட் பேனா முனையால தோலை லேசா தொட்டுக் காட்டுவோம், தொட்ட எடத்தை விரலால காட்டச் சொல்லுவோம். அப்புறம் கண்ணை மூடச் சொல்லிட்டு அதே மாதிரி தொடுவோம். நல்ல எடத்துல தொட்டா டக்குன்னு விரல் வந்துரும். தேமல் மேல தொட்டா அவர் கண்ணை மூடிட்டு அடுத்தது எப்ப தொடுவாங்கன்னு காத்துட்டே இருப்பார். நாம தொட்டு முடிச்சிருப்போம். முழங்கை உள்பக்கம் எலும்புக்குப் பின்னால ஓடுற நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கும், விரலால உருட்டிப் பாத்தா தெரியும். அந்த நரம்பு போனா சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்க ஆரம்பிக்கும். விரல் அழுகி தானா விழுதுன்னு சொல்றதெல்லாம் பொய். உணர்ச்சி இல்லாததால சூடு படுறது தெரியாது, புண்ணு ஆறாது, புண்ணு மேல புண்ணு வந்து எலும்பு தேயும்.

உங்க ஹீரோ சதா சிகரெட்டும் கையுமா இருக்கிற மைனர்தானே. சிகரெட் எரிஞ்சு விரல் வரைக்கும் வந்து தோல் பொசுங்குற வாடை பக்கத்துல இருக்கிறவளுக்கு அடிக்குது, அவன் பாட்டுக்கு பேசிட்டே இருக்கான். எங்க கிளினிக்குக்கு அப்படி ரெண்டு விரலுக்கு நடுவுல சுட்ட தழும்போட வந்தவங்க நிறைய. வசனமே தேவைப்படாது.

இப்போ கூட்டு மருந்து சிகிச்சை, ஆறு மாசம் இல்லேன்னா பன்னெண்டு மாசம், ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், மருந்து ஆரம்பிச்சதும் சீக்கிரமே மத்தவங்களுக்குத் தொத்தாத நிலைக்கு வந்துரும். அதனால கதையை இன்றைய காலத்துக்கு கொண்டு வந்தா உங்க நாலாவது எபிசோட்ல அவனுக்கு குணமாயிடும், அப்புறம் ரத்தமும் இல்லை கண்ணீரும் இல்லை. பழைய காலத்துலயே வையுங்க.

திருவல்லிக்கேணி ராணி எழுதியது:

செங்கை வாசி ஐயா, அந்த பேனா விஷயத்தை படிச்சுட்டு நானே என் கையில தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

நான் சண்டை போட வந்தது வேற எடத்துல. எல்லாரும் மோகனைப் பத்தியே பேசுறீங்க, காந்தாவும் சந்திராவும் என்ன பாவம் பண்ணினாங்க?

படத்துல எம்.என்.ராஜம் காந்தாவா அசத்தியிருப்பாங்க, மோகனை எட்டி உதைக்கிற சீன்லாம் அந்தக் காலத்துக்கு பெரிய தைரியம். ஆனா எழுத்துல காந்தா யாரு? காசு பிடுங்குற பிசாசு, அவ்ளோதான். பிளேன் விபத்துல செத்துப்போகிறா, அதுவும் தண்டனை கணக்குல. இப்போ அந்த வருஷங்களை கொஞ்சம் யோசிங்க. 1947லதான் மெட்ராஸ் மாகாணத்துல தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, முத்துலட்சுமி ரெட்டி எவ்ளோ வருஷம் போராடினாங்க. சட்டம் வந்தது நல்லது, ஆனா அதுக்கப்புறம் அந்த வீடுகள்ல இருந்த பொண்ணுங்க சோத்துக்கு என்ன பண்ணினாங்கன்னு எந்த நாடகமும் கேக்கல. சில பேர் சினிமாவுக்கு வந்தாங்க, சில பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, சில பேருக்கு மோகனசுந்தரம் மாதிரி ஒரு மைனர்தான் வருமானம். அவன் சொத்து கரையும்போது காந்தா ஏன் அவனை வெச்சுக் காப்பாத்தணும்? அவன் கட்டின பொண்டாட்டியையே காப்பாத்தலையே. காந்தா தரப்புல இருந்து ஒரு முழு எபிசோட் எழுதுங்க, வில்லி தானா காணாமப் போயிருவா. நல்லவளாக்க வேணாம், கணக்கு தெரிஞ்சவளாக்குங்க, போதும்.

அடுத்தது கிளைமாக்ஸ். தாலி கட்டினவனே மனைவிக்கு மறுமணம் பண்ணி வெக்கிறான், எவ்ளோ பெரிய புரட்சின்னு எல்லா கட்டுரையிலயும் எழுதுவாங்க. 1954க்கு அது நிஜமா பெரிய விஷயம்தான், நான் மறுக்கல. சாகப்போற புருஷன் தெய்வம்னு கும்பிட்டுட்டு இருந்த ஊர்ல அவ வாழட்டும்டான்னு சொல்றதுக்கு ஒரு தில்லு வேணும். ஆனா சந்திராகிட்ட யாராச்சும் கேட்டாங்களா? அவன் விட்டுட்டுப் போகும்போதும் கேக்கல, பிடிச்சுக் கொடுக்கும்போதும் கேக்கல. ரெண்டு ஆம்பளைங்க பேசி முடிச்சுட்டாங்க.

இதுல இன்னொரு கூத்து, படம் வந்த அடுத்த வருஷம் வந்த இந்து திருமணச் சட்டத்துல தொழுநோய் இருந்தா விவாகரத்து கேக்கலாம்னு எழுதி வெச்சிருந்தாங்க. அதை எடுத்தது 2019லதான். அறுவது வருஷத்துக்கு மேல அந்த வரி சட்டப் புஸ்தகத்துல இருந்திருக்கு. ராதா மேடையில போட்ட முடிச்சும் சட்டத்துல இருந்ததும் ஒரே ஊரோட நினைப்புதான். வியாதிக்காக அவனை விடாம, அவன் பண்ணின அட்டூழியத்துக்காக சந்திரா தானா ஒரு முடிவு எடுக்கிற மாதிரி எழுதினீங்கன்னா தங்கராசு கதையும் கெடாது, ஐயா சொல்ற முடிச்சும் அவிழும்.

ஒப்பனையறை எழுதியது:

ராணி மேடம் சொல்றதுல பாதி ஒத்துக்கிறேன். காந்தாவுக்கு நியாயம் எழுதுங்க, தப்பில்ல. ஆனா எல்லாருக்கும் நியாயம் எழுதி எழுதி கடைசில யாருமே கெட்டவங்க இல்லாத ஒரு கதையா வந்து நின்னா அதுக்கு ரத்தக்கண்ணீர்னு பேர் எதுக்கு? இப்போ வர்ற சீரிஸ் எல்லாத்துலயும் இதே வியாதிதான், ஒவ்வொரு கேரக்டருக்கும் சின்ன வயசு ஃப்ளாஷ்பேக் ஒண்ணு வெச்சு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துடுறாங்க. ராதாவோட நாடகத்துல மன்னிப்பே கிடையாது. அவர் தன்னையே மன்னிக்கல. அந்த முரட்டுத்தனம் போச்சுன்னா எல்லாம் போச்சு.

ராணி மேடம் கேட்ட சந்திரா கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. அவங்க சொல்றது சரிதான்.

ட்ராலி ஷாட் எழுதியது:

கேமரா பக்கத்துல இருந்து ஒரு யோசனை. நாடகத்தை படமாக்கும்போது எல்லாரும் முதல்ல பண்றது வெளிய கூட்டிட்டுப் போறது. வசனத்துல சொன்னதை எல்லாம் காட்டணும்னு லண்டன், கப்பல், மார்க்கெட், மழைன்னு எடுத்துட்டே போவாங்க, பட்ஜெட்டும் போகும், நாடகத்துல இருந்த அழுத்தமும் போகும். நாலு சுவத்துக்குள்ள ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் தப்பிக்க முடியாம பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் நாடகத்தோட பலம்.

நான் பண்ணினா இப்படிப் பண்ணுவேன். 1950 வாக்குல ஒரு நாடகக் குழு, லாரியில சீன் படுதா, பெட்டி, ஆர்மோனியம் எல்லாம் ஏத்திட்டு ஊர் ஊரா போய் இந்த நாடகத்தைப் போடுது. சீரிஸ் அந்தக் குழுவோட கதை, நாடகம் அதுக்குள்ள நடக்குது. முன் வரிசையில ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புஸ்தகத்தோட உக்காந்து வசனத்தை எழுதிட்டு இருக்கார். ஹீரோ அவரைப் பாத்தே பேசுறான், மெதுவா சொல்லட்டுமா எழுதிக்கிறீங்களான்னு கேக்குறான். ஒப்பனையறை சார் கேட்ட குறுக்கே பேசுற ஆளு இங்க தானா வந்துருவார், ஏன்னா ஆடியன்ஸே ஃப்ரேம்ல இருக்காங்க. வியாதியும் மேக்கப்பாவே தெரியும், கண்ணாடி முன்னாடி உக்காந்து ஒட்டுறதைக் காட்டலாம். ஒருநாள் கொட்டகைக்கு வெளிய நிஜமா தொழுநோய் வந்த ஒருத்தர் டிக்கெட் கேக்குறார். உள்ள விடுவாங்களா? அவர் உள்ள உக்காந்து அந்த நாடகத்தைப் பாத்தா அவருக்கு எப்படி இருக்கும்? எனக்கு மொத்த சீரிஸும் அந்த ஒரு சீன்லதான் இருக்கு.

மாட்னிஷோ எழுதியது:

யோவ் இது நல்லா இருக்கே. நான் சொன்னதை வாபஸ் வாங்கல, ஆனா இதை எடுத்தா பாப்பேன்.

ஒப்பனையறை எழுதியது:

நல்ல ஐடியாதான், ஆனா நழுவுற ஐடியா. நாடகத்துக்குள்ள நாடகம் வெச்சுட்டா எந்த சங்கடமான வசனத்தையும் "அது அந்தக் காலத்து நாடகம், நாங்க சொல்லல"ன்னு கை கழுவிக்கலாம். ராதா யாருக்குப் பின்னாடியும் ஒளிஞ்சுக்கல. அந்த டிக்கெட் கேக்குற ஆளு சீனுக்காக மட்டும் சரிங்கிறேன். அந்த ஆளுக்கும் ஹீரோவுக்கும் நேருக்கு நேர் பேச்சு வரணும், அந்த ஆளு இவனை வறுத்தெடுக்கணும், இவன்கிட்ட பதில் இருக்கக் கூடாது. அப்போதான் அது ராதா பாணி.

நோட்டரி எழுதியது:

எல்லாரும் கலையைப் பேசியாச்சு, நான் காசு விஷயம் சொல்றேன்.

பின்வரிசை, படத்தோட காப்புரிமையும் நாடகத்தோட காப்புரிமையும் வேற வேற. சினிமாவுக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம், அதனால 1954 படத்துக்கு 2014 கடைசியோட முடிஞ்சுது. இதைப் பாத்துட்டு நிறைய பேர் ஆஹா ஃப்ரீன்னு குதிப்பாங்க. எழுத்துக்கு அப்படி இல்ல, எழுத்தாளர் காலமான பிறகு 60 வருஷம். தங்கராசு நம்ம காலம் வரைக்கும் இருந்தவர். அதனால நாடகப் பிரதியோட உரிமை யார்கிட்ட இருக்குன்னு பாத்து, வாரிசுகள்கிட்ட எழுதி வாங்காம ஒரு சீன் கூட எழுதாதீங்க. அரசு நாட்டுடைமை ஆக்கின பட்டியல்ல இருக்கான்னும் ஒரு தடவை சரிபாத்துக்கோங்க.

ரெண்டாவது, 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் நிபுன் மல்ஹோத்ரா வழக்குல மாற்றுத்திறனாளிகளை சினிமாவுல காட்டுறதைப் பத்தி விரிவா எழுதியிருக்கு. ஊனத்தை வெச்சு கேலி பண்றதும் ஊனத்தைப் புரிய வெக்கிற நகைச்சுவையும் ஒண்ணு இல்லன்னு பிரிச்சுச் சொல்லுது, மருத்துவத் தகவலை சரிபாருங்க, அந்த நிலையில இருக்கிறவங்களையே கலந்து பேசுங்கன்னும் சொல்லுது. 2016 சட்டப்படி தொழுநோயிலிருந்து குணமானவங்களும் மாற்றுத்திறனாளி பட்டியல்ல வர்றாங்க. ஓடிடின்னா தியேட்டர் மாதிரி சென்சார் போர்டு கிடையாது, 2021 விதிகள்படி தளமே வயசு வகைப்பாடு போடும், ஆனா புகார் வந்தா பதில் சொல்லணும். அதனால செங்கை வாசி ஐயா மாதிரி ஒருத்தரையும், நோய் வந்து குணமான ஒருத்தரையும் ஆரம்பத்துலயே எழுத்துக் குழுவுல உக்கார வெச்சுக்கோங்க. கடைசில ஸ்கிரிப்டை நீட்டி கையெழுத்து கேக்காதீங்க.

செங்கை வாசி எழுதியது:

சட்டம் பேசினதால ஞாபகம் வருது. 1898ல ஒரு தொழுநோயாளர் சட்டம் இருந்தது, பிச்சை எடுக்கிற தொழுநோயாளியை வாரண்ட் கூட இல்லாம போலீஸ் பிடிச்சு ஆசிரமத்துல அடைக்கலாம். பார்லிமெண்ட் அதை ஒழிச்சது 2016ல. உங்க மோகனசுந்தரம் தெருவுல உக்காந்து அவ்ளோ நேரம் வசனம் பேசுறானே, நிஜத்துல வண்டி வந்து ஏத்திட்டுப் போயிருக்கலாம். அதையும் யோசிங்க.

பின்வரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. தயாரிப்பாளருக்கு எய்ட்ஸ் கிடையாதுன்னு மெசேஜ் போட்டாச்சு, காரணம் ஐயா எழுதினதை அப்படியே ஒட்டிட்டேன். இன்னும் ப்ளூ டிக் மட்டும்தான்.

காலம் 1950தான், இப்போதைக்கு கொண்டு வரல. சிகரெட் சீனை எடுத்துக்கிறேன் ஐயா, உங்க பேரை எப்படிப் போடணும்னு தனிச் செய்தியில சொல்லுங்க. ட்ராலி ஷாட் சொன்ன குழு கதையும் மோகன் கதையும் ரெண்டும் ஓடட்டும்னு இப்போதைக்கு ஒரு முடிவு, ஆனா ஒப்பனையறை சார் சொன்ன மாதிரி ஒளிஞ்சுக்கிற மாதிரி ஆயிடாம பாத்துக்கணும். சந்திரா முடிவுக்குத்தான் எங்களுக்குள்ள இன்னும் அடிதடி. அவ பாலுவையும் வேணாம்னு சொல்லிட்டுப் போகணும்னு ஒருத்தன் சொல்றான், அது இப்போதைய ஃபேஷனுக்கு எழுதுற மாதிரி இருக்குன்னு எனக்குப் படுது.

ஒரு உதவி: நாடகப் பிரதி அச்சு வடிவத்துல எங்கயாவது கிடைக்குமா? படத்துல இருந்து வசனத்தை இறக்கி எழுதினா அது நாடகம் ஆகாதுல்ல.

திருவல்லிக்கேணி ராணி எழுதியது:

சந்திரா வேணாம்னு சொல்றதா வேணும்னு சொல்றதாங்கிறது இல்ல என் பிரச்சனை. அவ வாயைத் திறந்து சொல்லணும், ஒரு சீன்ல, அவன் உயிரோட இருக்கும்போதே. என்ன சொல்றாங்கிறதை நீங்களே முடிவு பண்ணுங்க, குழுவுல ஒரு பொண்ணு இருந்தா அவளை எழுதச் சொல்லுங்க.

ஒப்பனையறை எழுதியது:

பிரதிக்கு முதல்ல தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல கேளுங்க, பழைய நாடக நோட்டீஸ், பாட்டுப் புஸ்தகம் எல்லாம் அங்க நிறைய சேத்து வெச்சிருக்காங்க. அச்சுப் பிரதி கிடைச்சாலும் அது எலும்புக்கூடுதான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, ராதா மேடையில சேத்ததுல பெரும்பகுதி காகிதத்துல ஏறவே இல்ல. அதனால அந்தக் கால போலீஸ் குறிப்பு எதாவது மிச்சம் இருக்கான்னு எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் கேட்டுப் பாருங்க. அவரை எதிர்த்தவங்கதான் அவர் பேசினதை கவனமா எழுதி வெச்சிருக்க வாய்ப்பு அதிகம். போகும்போது சொல்லுங்க, நானும் வர்றேன், எனக்கும் அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு.